புள்ளியின் சாப்பாட்டு நேரம்

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியைகூட அப்படித்தான். முந்நூற்று இருபது பிள்ளைகளுக்குக் காலையும் மதியமும் ஆக்கிப் போடுகிற கை அவளுடையது. வாயை இறுக மூடிக்கொண்டு வந்த பிள்ளை எதுவும் பத்தொன்பது வருடத்தில் தட்டைக் காலி செய்யாமல் போனதில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்ல மாட்டாள். தண்ணீர் கொதித்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொல்வாள்.

அவளும் கணவரும் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் முதல் மாடியில் குடியிருந்தார்கள். நாலாவது மாடியில் அவளுடைய தம்பி. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன், ஒண்டிக்கட்டை. அவன் கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கட்டில் நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், அடியில் நாலு விரல் கனத்துக்கு வெள்ளை மணல். நல்ல தண்ணீர் மீன் வளர்க்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு ஓர் இளக்காரம் உண்டு. "அது குழாய்த் தண்ணி சமாச்சாரம்க்கா. இது கடல். ஒரு சொட்டு கூடினாலும் குறைஞ்சாலும் கடல் கோவிச்சுக்கும்" என்பான்.

அவன் உயிரை விடுவது ராஸ் என்ற ஒரு சாதி மீனுக்காக. முதல் மாதம் முழுக்க அவன் ரோஸ் என்று சொல்கிறான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ் நிறத்தில் ஒன்றையும் காணோமே என்று ஒருநாள் கேட்கப்போக, அவன் சிரித்த சிரிப்பு மூன்று மாடி இறங்கி அவள் வீடு வரைக்கும் கேட்டதாகக் கணவர் சொன்னார்.

ராஸ் அந்தத் தொட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று நாலு வருடமாக இருக்கிற ரவுடி. விரல் நீளம்தான், ஆரஞ்சு உடம்பில் ஆறு நீலக் கோடு, பச்சை வால். பெயரைத் தம்பி சும்மா வைக்கவில்லை. சாப்பாடு தண்ணீரில் விழுந்தால் முதல் வாய் அவனுடையது, கடைசி வாயும் அவனுடையது. இன்னொன்று புதிதாக வந்த புள்ளி. வெளிர் உடம்பு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத்தில் புள்ளிகள். இந்தச் சாதி ராஸ் மணலுக்குள் புகுந்து படுத்துத் தூங்கும். பயந்தாலும் உடம்பு முடியாவிட்டாலும் மணலுக்குள்தான் போகும்.

புள்ளி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தம்பியைக் கம்பெனி ஆறு வாரப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிவிட்டது. புது மெஷின் வருகிறது, கற்றுக்கொண்டு வந்தே ஆகவேண்டும் என்றார்கள்.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்க்கா. சாயந்திரம் ஏழு மணிக்குச் சாப்பாடு. ஃப்ரீசர்ல ஒறைஞ்ச எறாலு கட்டி கட்டியா இருக்கும். ஒரு கட்டிய தொட்டித் தண்ணியில கரைச்சுட்டு, பம்ப்ப நிறுத்திட்டுப் போடணும். பத்து நிமிஷம் கழிச்சு பம்ப்ப மறக்காம போடு. மேல வலை மூடி. அத மூடாம வந்துடாத, ராஸ் எல்லாம் துள்ளும்."

"முந்நூத்தி இருபது பேருக்குப் போடுறவகிட்ட எட்டு மீனுக்குப் பாடம் எடுக்குறியா? கெளம்புடா, ட்ரெயினு போயிடும்."

அவன் போய்விட்டான்.

ஏழு மணி தவறாமல் அவள் ஏறிப் போனாள். ஏறிப் போனாள் என்றால் நிஜமாகவே ஏறித்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டுகளில் பாதி அவர் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சொந்தக் கட்டிடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பொறுப்பு, அதைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. மாதத்தில் பாதி நாள் அது இரண்டாவது மாடியில் வாயைத் திறந்தபடி நிற்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறுவார்.

சாப்பாடு போட்டால் ரவுடி அம்பு மாதிரி வருவான். மற்ற மீன்களும் வரும். புள்ளி மட்டும் வரவில்லை. முதல் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. ஏழாம் நாள் அவள் போனில் சொன்னபோது தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

"செத்திருக்கும்க்கா. வந்தப்பவே மெலிவு. மணலுக்குள்ளயே போயிருக்கும்."

"நீ பாத்தியா?"

"ஏழு நாளா வெளிய வரலன்னு நீதான சொல்ற. அப்படியே விட்டா தண்ணி கெட்டு மத்ததும் போயிடும். கடைக்காரர அனுப்புறேன், மணலக் கிளறிப் பாத்து எடுத்துடுவாரு."

கடைக்காரர் என்றால் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறவர். தம்பிக்கு நெருங்கிய சிநேகிதம். புள்ளியை விற்றவரும் அவர்தான். மறுநாள் சாயங்காலம் ஒரு வாளியும் சிறு வலையும் நீளமான கரண்டியுமாக வந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்.

பெரியக்கா தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கடைக்காரத் தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. செத்திருந்தா நாறணுமில்ல?"

"தண்ணிக்குள்ள இருக்குறதால..."

"மீன் கழுவியே தேஞ்ச கை இது. வாரா வாரம் ஒரு கூடை. தண்ணிக்குள்ள கெடந்தாலும் செரி, ஐஸ்ல கெடந்தாலும் செரி, கெட்டது எதுன்னு என் மூக்குக்குத் தெரியும். இந்தத் தண்ணி கடல் மாதிரிதான் மணக்குது." பக்கத்திலிருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "அவன் சொன்ன மருந்துச் சொட்டையும் தெனம் விட்டுப் பாக்குறேன். கெட்டிருந்தா பச்சையாகணும்னான். மஞ்சளாவேதான் நிக்குது."

கடைக்காரர் குழாயை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மஞ்சள்தான்.

"சரிக்கா. ஆனா உயிரோட இருந்தாலும் அது பொழைக்காது. இந்த சாதி கடல்ல பாறையில ஊர்ற பொடி உயிருங்கள நாள் பூரா கொத்திக் கொத்தித் தின்னும். நம்ம குடுக்குற ஐஸ் சாப்பாட்ட அதுக்குச் சாப்பாடுன்னே தெரியாது. பத்துல எட்டு போயிடும். உங்க தம்பிகிட்டயும் சொல்லித்தான் குடுத்தேன்."

"மிச்சம் ரெண்டு என்ன பண்ணுது?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அந்த ரெண்டுல இது ஒண்ணு. இன்னும் நாலு நாள் குடுங்க. அப்பறம் நீங்க வாளியோட வாங்க, நானே மணல அள்ளித் தர்றேன்."

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பள்ளியில் கொதிகலன் பழுது பார்க்க ஆள் வந்ததால் சமையலறைக்கு விடுமுறை. தம்பி வீட்டைக் கூட்டித் துடைக்கலாம் என்று காலை பத்து மணிக்கு மேலே போனாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினால், தொட்டியின் இடது ஓரத்தில் பாறைக்குப் பக்கத்தில் புள்ளி நீந்திக்கொண்டிருந்தது.

அவள் அசையவில்லை. மீன் மெதுவாக, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி, பாறையின் ஒவ்வொரு இடுக்கையும் நின்று நின்று பார்த்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. எதையோ கண்டு ஒரு கொத்து. மறுபடி தேடல். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தாள். சரியாக ஒரு மணி அடித்துப் பத்து நிமிடத்தில் புள்ளி மணலில் மூக்கைக் குத்தி, ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, அடியோடு மறைந்துவிட்டது.

அவள் உடனே போன் போட்டாள்.

"உன் மீனு செத்துப்போகலடா. நீதான் அதப் பட்டினி போட்டிருக்க."

"என்னக்கா சொல்ற?"

"காலையில எந்திரிச்சு ஒரு மணிக்குப் படுத்துடுது. நீ ஏழு மணிக்கு இலை போட்டா யாரு வருவா? தூங்குற பிள்ளைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சிருக்க."

அவன், புதுசாக வந்த மீன் பிடிபட்ட ஊரின் பகலைத்தான் கொஞ்ச காலம் வைத்துக்கொண்டிருக்கும் என்று எங்கோ படித்ததாக முனகினான்.

"படிச்சியா? படிச்சுட்டு ஏழு மணின்னு எழுதினியா?"

"நான் வீட்டுக்கு வர்றதே ஆறரைக்குத்தானக்கா."

அதற்கு மேல் அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவப் போனபின் பத்து இருபதுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம். சைக்கிளில் ஆறு நிமிடம்தான். அந்த நாற்பது நிமிடத்தைச் சாயங்காலம் சேர்த்து நின்று ஈடு கட்டுவதாகச் சொன்னாள்.

"வீட்ல யாருக்காவது முடியலையா பெரியக்கா?"

"சாப்பிடாம கெடக்குறான் டீச்சர்."

"யாரு?"

"மீனு."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லி இந்த ரூம்ல நின்னிருக்காங்க. மீனுக்காக நீங்கதான் மொதல்."

"மத்தவங்க சொன்னதுல பாதி பொய்யாத்தான் இருந்திருக்கும். இது நெசம்."

"அதுவும் சரிதான்" என்று அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உருளைக்கிழங்கு மட்டும் கருகக் கூடாது."

முதல் மூன்று நாள் ஐஸ் சாப்பாடு ஒன்றும் எடுபடவில்லை. கரைத்து ஊற்றியதும் ரவுடி வந்து அள்ளினான். அள்ளியது போதாதென்று புள்ளியைத் துரத்திப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தான். பெரியக்காவுக்கு இந்தக் காட்சி புதிதே அல்ல. சாப்பாட்டுக்கூடத்தில் இப்படி ஒவ்வொரு மேசையிலும் ஒருவன் இருப்பான். அவனை அதட்டினால் அவன் அடங்க மாட்டான், கூச்சக்காரப் பிள்ளைதான் இன்னும் ஒடுங்கும். அவனுக்கு முதலில் போட்டு வாயை அடைத்துவிட வேண்டும்.

நாலாவது நாள் நீளமான ஒரு சொட்டுக்குழாயை எடுத்துக்கொண்டு போனாள். வலது மூலையில் ரவுடிக்குத் தாராளமாகப் பந்தி வைத்தாள். அவன் அங்கே மும்முரமாக இருக்கும்போது, இடது பக்கம் பாறை இடுக்கில் குழாயை இறக்கிச் சில துணுக்குகளை மட்டும் மெல்ல விட்டாள். புள்ளி கிட்டே வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, திரும்பி மறு கண்ணால் பார்த்தது. போய்விட்டது. ஆனால் ஓடிப் போகவில்லை, நடந்து போகிறவர்கள் மாதிரி போனது. அந்த வித்தியாசமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் கடைக்காரரிடம் போய் நின்றாள்.

"அது பொடி உயிரத்தான் திங்கும்னீங்களே. அந்தப் பொடி உயிரு எங்க கெடைக்கும்?"

கடைக்காரர் ஒரு சிறு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே காப்பித் தூள் மாதிரி பழுப்பாக ஏதோ இருந்தது. உப்புநீர் இறால் முட்டை. உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டு வைத்தால் ஒன்றரை நாளில் பொரியும். "வீட்ல பொரிக்கிறது கொஞ்சம் தொல்லைக்கா, எல்லாருக்கும் வராது" என்றார். ரொட்டி மாவு எழும்பும் பக்குவத்தைக் அடுப்புக் கதவைத் திறக்காமலே சொல்லுகிறவளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

கணவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து நிறுத்தி, மூடியில் ஓட்டை போட்டுக் காற்றுக் குழாயை நுழைத்தார். குழாயைச் சுற்றிப் பசை வைத்துத் தண்ணீர் சொட்டாமல் அடைத்தார். "தூக்குறது, எறக்குறது, கசியாம அடைக்கிறது. மூணும் என் தொழில்தான்" என்று சொல்லிக்கொண்டார். பாட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் குமிழிவிட்டுக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் காலை தண்ணீர் முழுக்க ஆரஞ்சுப் புகை மாதிரி ஒன்று அலைந்தது. விளக்கைக் காட்டினால் புகை விளக்குப் பக்கம் திரும்பியது. அத்தனையும் உயிர்.

மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு பத்து இருபத்தெட்டுக்குப் படியேறினாள். ரவுடிக்குப் பந்தி வைத்தாயிற்று. குழாயை இறக்கி ஆரஞ்சுப் புகையைப் பாறையோரம் விட்டாள்.

புள்ளி பார்த்தது. ஒரு கொத்து. நின்றது. இன்னொரு கொத்து. பிறகு எண்ண முடியாமல் போயிற்று. மூக்கு நுனி சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருந்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி. பெரியக்கா அதை உற்றுப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட ஆரம்பித்த பிள்ளையின் வாயைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நிறுத்திவிடும். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் மட்டும் கண்ணை வைத்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் அவசரப்படவில்லை. பொடி இறால் தின்ன ருசி, ஆனால் அதில் உடம்பு தேறாது என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். ஐஸ் கட்டியில் இருக்கிற பெரிய இறாலைக் கத்தியால் மிளகு அளவுக்கு நறுக்கினாள். முதல் நாள் புகைக்குள் நாலு துணுக்கு மட்டும் கலந்தாள். புள்ளி ஒன்றை வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கி, மறுபடி துப்பியது. மூன்றாம் தடவை விழுங்கியது. அவரைக்காயைச் சூப்பில் மறைத்துக் கொடுத்த முதல் நாள் எத்தனையோ பிள்ளைகள் இதே முகத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் ஆறு துணுக்கு. அதற்கடுத்த நாள் பத்து. காலையில் ஒரு தடவை போதாது என்பதால், வேலைக்குக் கிளம்பும் முன்பே ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு ஒரு வாய், பத்தரைக்கு ஒரு வாய். பத்து நாளில் துணுக்கு அதிகம், புகை குறைவு என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒட்டிக்கிடந்த வயிறு நேராயிற்று.

கடைக்காரர் ஒருநாள் காலை தானாகவே வந்து பார்த்தார். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் புள்ளியைப் பார்த்தார்.

"இத எப்படிக்கா செஞ்சீங்கன்னு மத்தவங்க கேட்டா என்ன சொல்றது?"

"சாப்பிடுற நேரத்துல சாப்பாடு போட்டேன்னு சொல்லுங்க."

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. பத்தே முக்காலுக்குச் சமையலறையிலிருந்து போன். பெரிய அடுப்பு பற்றவில்லை, வாயு வாசம் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, பம்ப்பைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். அடுப்பைச் சரிசெய்து, சாப்பாட்டை நேரத்துக்கு இறக்கி, பிள்ளைகளை அனுப்பி, வீடு திரும்ப மூன்றரை ஆயிற்று. தொட்டியில் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற மேலே போனாள். வலை மூடி ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது.

தொட்டிக்குள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தொட்டி நிற்கிற பலகைக்குப் பின்னால், சுவரோரம், ரவுடி கிடந்தான். காய்ந்து விறைத்திருந்தான். உள்ளங்கையில் எடுத்து வைத்தபோது கனமே இல்லை. ஆறு கோடும் அப்படியே இருந்தது.

தரையில் உட்கார்ந்தபடி தம்பிக்குப் போன் செய்தாள். வகுப்பில் இருக்கிறான் என்று தெரியும். சாயங்காலம் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அது நல்ல யோசனை இல்லை என்று அடுத்த நிமிடமே தெரிந்தது.

"ரவுடி செத்துட்டான்டா. மூடிய நான் சரியா மூடல. என் தப்பு."

அவன் வகுப்பை விட்டு வெளியே வருகிற சத்தம் கேட்டது.

"எவ்ளோ நேரமாச்சு?"

"தெரியல. பத்தே முக்காலுக்கும் மூணரைக்கும் நடுவுல."

நாலு வருடம். மாற்றல் ஆனபோதும், கையை உடைத்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோதும் அவனுக்கு அந்த ஆறு கோட்டுப் பயல்தான் துணை. அது அவளுக்கும் தெரியும்.

"க்ளாஸ் இருக்குக்கா. அப்பறம் பேசுறேன்."

அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தினமும் கூப்பிடுகிறவன்.

பெரியக்கா அழுகிற ரகம் இல்லை. அன்றிரவு கணவர் "வேணும்னா செஞ்ச?" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். "வேணும்னு செய்யலங்கிறது அவனுக்குத் தெரியும். மூடாம போனேங்கிறது எனக்குத் தெரியும். அது போதும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். பிறகு, "அந்த மூடிக்கு ஒரு கொக்கி போட்டுத் தாங்க" என்றாள். கணவர் மறுநாளே மூடியின் ஓரத்தில் ஒரு கொக்கியைப் பொருத்தினார். மூடியை முழுக்க இழுத்தால்தான் கொக்கியில் தொங்கும் தம்பி வீட்டுச் சாவியை எடுக்க முடியும். சாவி இல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட முடியாது. அவசரத்தில் மறப்பது மனிதப் புத்தி, அதனால் அவசரத்திலும் மறக்க முடியாதபடி செய்துவிடுவது அவள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டோடு போனபோது புள்ளி பாறையை விட்டு வெளியே, தொட்டியின் நடுவில், திறந்த இடத்தில் நீந்திக்கொண்டிருந்தது. துரத்த ஆள் இல்லை என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதன்மேல் சுருக்கென்று கோபம் வந்தது.

"உனக்கு வசதியாப் போச்சு, இல்ல?" என்றாள்.

மீன் கண்ணாடிக்குக் கிட்டே வந்து நின்று ஒரு கண்ணால் பார்த்தது. அவள் குழாயை இறக்கினாள். கோபத்துக்காக யாரையும் பட்டினி போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் தம்பி கூப்பிட்டான். ரவுடியைப் பற்றிப் பேசவில்லை. "புள்ளி எவ்ளோ எடுக்குது?" என்று கேட்டான். அவள் நாளுக்கு எத்தனை வாய், எந்த அளவுத் துணுக்கு, எத்தனை மணிக்கு மணலுக்குள் போகிறது என்றெல்லாம் சொன்னாள். அவன் குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் புள்ளி மூன்று மணி, நாலு மணி வரைக்கும் விழித்திருக்கிறது என்றும் சொன்னாள். தொட்டி விளக்கின் பகலுக்கு அது மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

ஆறாவது வாரம் சனிக்கிழமை காலை அவன் வந்து சேர்ந்தான். பையைக்கூட வைக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றான். அவள் பின்னாலேயே வந்தாள். அவன் கண் முதலில் போனது புள்ளியிடம் இல்லை. வலது மூலையில், ரவுடி ராத்திரி போய் ஒதுங்குகிற பொந்துக்குப் போனது. அங்கே ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

"பரவால்லக்கா" என்றான் அவளைப் பார்க்காமல்.

"பரவால்லன்னு சொல்லாதடா. பரவா இருக்கு. நாலு வருஷம் வளத்தவன். கோவம்னா கோவம்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

அவன் திரும்பினான். "கோவந்தான்" என்றான். "ரெண்டு நாள் உன்கூடப் பேசப் பிடிக்கல."

"தெரியும்."

"இப்ப இல்ல."

"அதுவும் தெரியும். இருந்திருந்தா பையக் கீழ வெச்சுட்டு ஆற அமர வந்திருப்ப." அவன் தோளிலிருந்து பையை அவளே இறக்கி வாங்கினாள். "போய்க் கை கழுவிட்டு வா. அதுக்குப் பசிக்கும்."

இறாலை அவள் நறுக்க, அவன் தொட்டித் தண்ணீரில் கரைத்தான். சொட்டுக்குழாயை அவனிடம் கொடுத்தாள். அவன் குழாய் நிறைய உறிஞ்சினான்.

"கொறைச்சுக்கோ. பாதி போதும்."

"இவ்ளோதானா?"

"தீந்ததும் திரும்பக் குடுக்கலாம். கூடிப்போனத திரும்ப எடுக்க முடியாது."

அவன் பாதியைக் கிண்ணத்தில் திருப்பி விட்டான். பம்ப்பை நிறுத்திவிட்டு, குழாயைப் பாறையோரம் இறக்கினான். புள்ளி வந்தது. ஆறு வாரம் முன்பு அவன் பார்த்தபோது முதுகெலும்பு தெரிந்த மீன் அது. இப்போது வயிறு உருண்டு, புள்ளிகள் ஒவ்வொன்றும் கறுப்புக் கரை கட்டினாற்போல் பளிச்சென்று இருந்தன. முதல் துணுக்கைக் குழாயின் வாயிலேயே பறித்தது. குழாயைப் பிடித்தபடி முழுசாக ஒரு நிமிடம் அவன் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

"ரெண்டு தடவ இதே சாதி மீன வாங்கித் தோத்திருக்கேன்க்கா. உன்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேனே."

மூன்றாவது குழாய் முடிந்ததும் அவன் பம்ப்பைப் போட்டான். மூடியை இழுத்தான், கொக்கியிலிருந்து சாவி கையில் வந்தது. அதை ஒரு கணம் பார்த்தான்.

"ஆனா ஒரு சிக்கல்" என்றான். "புது மெஷின் மூணு ஆஸ்பத்திரியில வருது. வாரத்துல மூணு நாள் எட்டு மணிக்கே நான் கெளம்பணும். பத்தரைக்கு யாரு..."

"செவ்வா, வியாழன், வெள்ளி. அதான?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் போன வாரம் போன்ல சொன்ன. தலைமை டீச்சர்கிட்ட அந்த மூணு நாளைக்கு அப்பவே பேசிட்டேன். பரீட்சை வரைக்கும் சரின்னுட்டாங்க."

"என்கிட்ட கேக்கவே இல்ல?"

"உன்கிட்ட எதுக்குடா கேக்கணும்? சாப்பிடுறது அது." கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "குளிச்சுட்டுக் கீழ வா. உங்க மாமா காலையிலேர்ந்து உனக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காரு. ஒரே வீட்ல எத்தன பேரத்தான் பட்டினி போடுவ?"